நாடகத் தியாகி விசுவநாததாஸ்

நாட்டு விடுதலைக்காகச் சிறை புகுந்தோர் வரிசையில் வழக்கறிஞர் உண்டு, வணிகர் உண்டு, உழவரும் ஆலைத் தொழிலாளரும் உண்டு. நாடக மேடையில் பாடிய குற்றத்திற்காகச் சிறை புகுந்தோரும் உண்டு என்பதை நம் இளைஞர் பலர் அறியார். அவ்வாறு சிறை சென்றோருள் தலையாயவர் தியாகி விசுவநாததாஸ். 1886ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சிவகாசியில் பிறந்தார். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு, சென்னையில், நாடக மேடையிலேயே உயிர் நீத்தார். இடைப்பட்ட 54 ஆண்டுகளில் அவர் பெற்ற புகழும் பெரிது. பட்ட அவமதிப்பும் பெரிது. அவ்விரண்டையும் சேர்த்து அறிவது நமக்கு நலம் தரும் என்று கருதி, இவ்வரலாற்றை நம் வெள்ளி விழா மலரில் எழுத முற்பட்டோம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விசுவநாததாஸ் நாவிதர் தொழில் செய்யும் குலத்தில் பிறந்தவர். நம் பக்கத்துச் சிற்றூர்களில் அக்குலத்தாரைக் குடிமகன் என்று அழைத்து, ஆண்டுக்கு இத்தனை மரக்கால் நெல் என்று களத்தில் அளந்து, அவ்வளவோடு அவர்தம் உரிமை முடிந்தது என்று எண்ணியிருந்த காலம் அது. அவர்களும் தாழ்த்தப்பட்டவர்களே. ஆயினும் அதே ஊர்களில் நம் மக்களுக்கு முடி திருத்தக் கூடாது என்ற கட்டும் இருந்தது. மேலோர் இட்ட கட்டு எனினும் அதனை நிறைவேற்றும் கை அக்குலத்தாரின் கையாகவே இருந்தது. சாதி என்பது ஒரே மதில் அன்று, பல படிகள் கொண்ட ஏணி. ஒவ்வொரு படியில் நிற்பவனும் தன் தலைமேல் உள்ள காலை மறந்து, தன் காலின் கீழ் உள்ள தலையையே நோக்குமாறு அமைக்கப்பட்டது என்பதை அண்ணல் அம்பேத்கர் நமக்கு விளக்கியுள்ளார். ஆகையால் தாஸ் நம்மவரா, பிறரா என்ற கேள்வியை எழுப்பி அவரை ஒதுக்குதல் தகாது. அந்த ஏணியின் வலியைத் தம் உடம்பில் உணர்ந்தவர் அவர் என்பதே நமக்குப் போதும்.

அவர் பிறந்தபோது சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் புதிதாக அமைக்கப்பட்டபோதுதான் அப்பகுதி பிரிந்தது. தந்தையார் பெயர் சுப்பிரமணியம்; அன்னையார் ஞானாம்பாள். அவருடைய 13ஆம் வயதில், 1899இல், கோயில் நுழைவு உரிமையை ஒட்டி அதே சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டு வீடுகள் எரிந்தன. எந்தத் தெருவில் எவர் நடக்கலாம், எந்த வாயிலில் எவர் நுழையலாம் என்னும் வழக்கு உயிரைக் குடிக்கும் வழக்காக இருந்த மண்ணிலே பிறந்தவர் அவர். பிற்காலத்தில் மதுரைக்குத் தெற்கேயுள்ள திருமங்கலமே அவருடைய ஊராயிற்று.

இளமையிலேயே இனிய குரல் அவருக்கு வாய்த்திருந்தது. குரல் இருந்தால் மட்டும் போதுமா? அதனைப் பண்படுத்த ஆசான் வேண்டும். அந்நாளில் முறையான இசைக்கல்வி சில குலங்களின் வீடுகளுக்குள் அடங்கிக் கிடந்தது. குருவின் வீட்டு நடையில் கால் வைக்க இயலாதவன் குருவின் பாட்டை எங்ஙனம் கற்பான்? இவ்விடத்திலேதான் நாடகக் கலை ஒரு வாயிலைத் திறந்தது. அவ்வாயிலைத் திறந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தெருக்கூத்தாகவும் பார்சி நாடகத்தின் சாயலாகவும் தடுமாறிக்கொண்டிருந்த தமிழ் நாடகத்திற்கு ஒழுங்கான உரையாடலும் இலக்கணம் வழுவாத பாட்டும் தந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலான அவருடைய நாடகங்கள் தமிழ்நாடு முழுவதும் நடிக்கப்பட்டன. 1910இல் அவர் தொடங்கிய நாடக சபைக்கு இட்ட பெயர் சமரச சன்மார்க்க சபை. பெயரிலேயே அவர் நெஞ்சு விளங்கும். செங்கோட்டையில் வறிய அந்தணர் குடும்பத்தில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பாவும் அவரிடம் பயின்றார். சிவகாசி நாவிதர் குடும்பத்துப் பிள்ளையாகிய விசுவநாததாசும் அவரிடம் பயின்றார். பாடம் ஒன்று, ஆசான் ஒருவர். மாணவனின் பிறப்பைக் கேளாது கல்வி தந்த அந்த ஆசிரியரைத் தாசின் வரலாற்றில் முதற்கண் வணங்குதல் வேண்டும். கல்விக் கழகம் நடத்தும் நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

இன்றைய இளைஞர்க்கு அந்நாளைய இசைநாடகத்தை விளக்குதல் தேவை. மேலைநாட்டில் பாட்டாலேயே கதையை நடத்தும் ஆப்பரா என்னும் நாடக வகை உண்டு. நம் இசைநாடகமும் ஏறத்தாழ அதற்கு உறவானதே. இரவு பத்து மணியளவில் தொடங்கினால் விடியும்வரை நடைபெறும். ஆர்மோனியமும் மிருதங்கமும் பக்கத்துணை. ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் காதிலும் பாட்டுத் தெளிவாக விழவேண்டும். நாடகக் குழுக்கள் இருவகையாக இயங்கின. ஒரே கம்பெனியில் தங்கிச் சிறுவர் முதல் பெரியவர்வரை ஊர் ஊராகச் செல்வது ஒருவகை. நடிகரைத் தனித்தனியே ஒப்பந்தம் செய்து, ஓர் இரவுக்கு ஒன்றுகூட்டி நடத்தும் ஸ்பெஷல் நாடகம் மற்றொரு வகை. சுவாமிகளின் நாடகங்கள் எல்லா நடிகர்க்கும் மனப்பாடமாக இருந்தமையால், ஒத்திகை இன்றியே வள்ளியும் வேலனும் மேடையில் சந்தித்துப் பாடிப் போட்டியிட முடிந்தது.

இருப்புப்பாதை பெருகியதும் இக்கலையும் பெருகிற்று. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் பாதை 1904இல் நிறைவுற்றது. திருச்செந்தூர்ப் பாதை 1923இல் திறக்கப்பட்டது. தாமிரவருணிக் கரையில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி முதல் திருவைகுண்டம்வரை உள்ள ஊர்கள் கார், பிசானம் ஆகிய இருபோக நெல் விளையும் வளமான ஊர்கள். அறுவடை முடிந்து கையில் நெல்லும் காசும் புழங்கும் நாள்களில் நாடகக்காரர் வரவை மக்கள் எதிர்நோக்கினர். கொடை விழாக்களில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் கேட்டுப் பழகிய நம் மக்களுக்கு, இசைநாடகம் புதிய விருந்தாயிற்று. நெல்லை விளைவித்த கைகள் நம்முடையவை எனினும், விருந்தில் நமக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் ஓரத்து இடமே. ஆயினும் பாட்டு ஓரத்திற்கும் வந்தது. கோயிலுக்குள் சென்று முருகனை வணங்கும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்கள், மேடையில் வேலேந்தி நின்ற முருகனைக் கண்ணாரக் கண்டனர். அந்த முருகனாக நின்றவர்களுள் மக்கள் மிகவும் போற்றியவர் விசுவநாததாஸ்.

தாசின் கலைவாழ்வைத் திருப்பிவிட்டது நாட்டு நிலை. 1908 மார்ச்சில் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டபோது திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். 1919இல் ஜாலியன் வாலாபாக்கில் படுகொலை நிகழ்ந்தது. 1920இல் ஒத்துழையாமை இயக்கம் பிறந்தது. செய்தித்தாள் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலராக இருந்த நாட்டில், இச்செய்திகளைச் சிற்றூருக்குக் கொண்டு சென்ற தாள் எது? நாடக மேடையே அந்தத் தாள். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் நாட்டுப்பற்றுப் பாடல்களை எழுதினர். நடிகர் அவற்றைப் பாடினர். தாஸ் கதர் அணிந்தார், காங்கிரசில் சேர்ந்தார், புராண நாடகத்தின் நடுவே பஞ்சாபின் துயரத்தையும் இராட்டையின் பெருமையையும் பாடினார்.

இதில் அவர் கையாண்ட வழி நுட்பமானது. வள்ளி திருமணத்தில் வள்ளி தினைப்புனம் காத்துப் பறவைகளை ஓட்டுவாள். வேலன் வேடனாக வருவான். பறவை பற்றிப் பாடுவதற்குக் கதையிலேயே இடம் உண்டு. அங்கே தாஸ் வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டைப் பாடுவார். வயலில் நாற்று நடும்போது பின்னாலேயே வந்து மீனைக் கொத்திச் செல்லும் கொக்கை அறியாத உழவன் யார்? எந்த வெள்ளையரைப் பாட்டுச் சுட்டுகிறது என்பதை மக்கள் நொடியில் உணர்ந்து ஆரவாரித்தனர். ஏர் பிடிக்காமல், நாற்று நடாமல், விளைந்ததை மட்டும் கொண்டு செல்பவன் எவன் என்பதை அம்மக்களுக்கு வேறொருவர் விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அப்பாட்டு தமிழகமெங்கும் பரவிற்று.

அரசு வாளா இருக்கவில்லை. நாடகங்களைத் தடைசெய்ய 1876ஆம் ஆண்டிலேயே வெள்ளையர் ஒரு சட்டம் இயற்றி வைத்திருந்தனர். விடுதலைக்குப் பின்னும் ஏட்டிலே தங்கியிருந்த அச்சட்டம் 2018இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. அதனையும் பிற தடையாணைகளையும் கொண்டு தாசை மறித்தனர். அவரோ ஓரூரில் தடைவிதித்தால் மறு ஊரில் பாடினார். சிறைக்கு அனுப்பினால், மீண்டு வந்து அதே பாட்டைப் பாடினார். அவர் சிறை புகுந்தது 29 தடவை என்பது அவர் வரலாற்றை எழுதினோர் கூறும் கணக்கு. நடிகன் சிறை சென்றால் அந்த நாள்களின் வருவாய் போகும், ஒப்பந்தம் முறியும், முன்பணம் கொடுத்தவர் திருப்பிக் கேட்பர், தடைக்கு அஞ்சிய கொட்டகைக்காரர் அடுத்த முறை அழையார். விசுவநாததாஸ் இவை அனைத்தையும் அறிந்தே பாடினார். அவருடைய கடன் பெருகிய வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

இத்தகைய தியாகிக்குச் சக கலைஞர் செய்த மரியாதை என்ன? அவர் நாவிதர் குலத்தவர் என்று கூறி, அவருடன் வள்ளியாக நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர். மேடையில் முருகன்; மேடையை விட்டு இறங்கினால் தீண்டத் தகாதவன். ஆயிரம் பேர் கைதட்டிய அதே கைகளுள் எத்தனை அவர் கையைப் பற்ற முன்வந்திருக்கும்? குரலை ஏற்றுக்கொண்டு, குரலுக்கு உரியவனை விலக்கி வைப்பது சாதியின் தனித்திறமை. உழைப்பை ஏற்று உழைப்பாளியை விலக்குவதும், பறையிசையை வேண்டிப் பறையடிப்பவனை வாயிலில் நிறுத்துவதும் நாம் அறியாதவை அல்லவே.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியின் பெயரைப் பொறித்தல் வேண்டும். மதுரையில் 1917இல் பிறந்த கே. பி. ஜானகி அம்மாள் வறுமையால் இளமையிலேயே நாடகத்திற்கு வந்து, பாட்டாலும் நடிப்பாலும் முன்னணி நடிகையானவர். பிறர் மறுத்தபோது அவர் விசுவநாததாசுடன் இணைந்து நடித்தார். பிற்காலத்தில் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிறை சென்று, உழவர்க்கும் மாதர்க்கும் பாடுபட்டு, 1967இல் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். நாடகத்தில் ஈட்டிய நகையையும் பொருளையும் பொதுப்பணிக்கே செலவிட்டு 1992இல் மறைந்தார். ஒருவர் மறுக்கும்போது மற்றொருவர் முன்வந்து உடன் நிற்பது மேடையில் நிகழ்ந்த சிறு செயலாகத் தோன்றலாம். சாதியின் கட்டு அத்தகைய செயல்களால்தான் இற்றுப்போகிறது.

கடல் கடந்த நாட்டிலும் இதே கதை நடந்துள்ளது. அமெரிக்காவில் 1868இல் நீக்ரோ இனத்தில் பிறந்தவர் சிசியரெட்டா ஜோன்ஸ் என்னும் பாடகி. முறைப்படி இசை பயின்று, ஆப்பராப் பாட்டில் தேர்ந்து, 1892இல் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் முன் பாடினார். ஆயினும் எந்த ஆப்பராக் குழுவும் அவரை மேடையேற்றவில்லை. காரணம் அவருடைய தோலின் நிறமே. இத்தாலியப் பாடகி பட்டியின் பெயரோடு கறுப்பு என்ற சொல்லைச் சேர்த்து அவரை விளம்பரம் செய்தனர். அப்பெயரை அவர் விரும்பவில்லை. 1896 முதல் 1915வரை தம் இனத்துக் கலைஞர்களோடு தனிக் குழுவாக நாடெங்கும் சுற்றினார். நகைச்சுவையும் ஆடலும் முடிந்த பிறகு, நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியில் மட்டும் தாம் கற்ற ஆப்பராப் பாடல்களைப் பாடுவார். பின்னர்த் தம் உடைமைகளை ஒவ்வொன்றாக விற்று வாழ்ந்து, 1933இல் வறுமையில் இறந்தார். அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் நடப்பட்டது 2018இல். நியூயார்க்கின் தலைசிறந்த ஆப்பரா அரங்கில் அவ்வினத்துப் பாடகி ஒருவர் முதன்முதலாகப் பாடியது 1955இல். அவர் மரியன் ஆண்டர்சன். நிறம் என்றாலும் குலம் என்றாலும், கலைஞனை வாயிலில் நிறுத்தும் பூட்டு ஒன்றே என்பதை இதனால் அறியலாம்.

மீண்டும் தாசின் வாழ்வுக்கு வருவோம். 1930களில் பேசும்படம் வந்தது. நாடகக் கொட்டகைகள் படக் கொட்டகைகளாயின. குரல் வளம் மிக்க நடிகர் பலர் படத்துறைக்குச் சென்றனர். தாஸ் நாடகத்திலேயே நின்றார், கடனும் நின்றது. ஆயினும் பாட்டை அவர் நிறுத்தவில்லை. 1939இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அவ்வாண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில், கக்கன் உள்ளிட்ட நம் மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தனர். மேடையில் மட்டுமே தெய்வத்தைக் கண்ட தலைமுறைக்குக் கோயில் வாயிலும் திறக்கத் தொடங்கியதைத் தம் இறுதி நாள்களில் தாஸ் கண்டார் என்பது நமக்கு ஆறுதல்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். உடல் நலிந்திருந்த தாஸ் முருகனாக மயில்மீது அமர்ந்து காட்சி தந்தார். பாடத் தொடங்கினார். பாட்டு நின்றது, உயிரும் நின்றது. மக்கள் அவரை அந்த முருகன் கோலத்திலேயே ஊர்வலமாகக் கொண்டு சென்றனர். எந்தக் கோலத்தில் அவருடன் நிற்கச் சிலர் கூசினரோ, அந்தக் கோலத்திலேயே ஆயிரக்கணக்கானோர் அவர் பின் நடந்தனர். விடுதலையைக் காண இன்னும் ஆறாண்டும் சில திங்களும் இருந்தன. அவர் விட்டுச் சென்ற உடைமை கடன் ஒன்றே. திருமங்கலத்தில் தமிழக அரசு அமைத்துள்ள நினைவகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இளைஞர்களே! இவ்வரலாற்றைப் படித்துக் கண்ணீர் விடுவதோடு அமைந்துவிடலாகாது. நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. முதலாவது, கைதட்டிய மக்கள் அவருடைய கடனுக்கு ஏன் கை கொடுக்கவில்லை? தனி மனிதரின் திறமை எத்துணை உயர்ந்ததாயினும், அவர் தளரும்போது தாங்கும் அமைப்பு இல்லையெனில் அது மேடையிலேயே சரிந்து விழும். சிறை சென்ற நாள்களில் குடும்பத்தைக் காக்கவும், கடன்காரரைத் தடுத்து நிறுத்தவும், கணக்கு எழுதி வைக்கவும் ஒரு சங்கம் அவர் பின்னே இருந்திருந்தால், கதையின் முடிவு வேறாக இருந்திருக்கும். பிடி அரிசியும் மாதச் சந்தாவும் சேர்த்துக் கல்விக் கழகங்களை நம் பெரியோர் நிறுவியது இந்த உண்மையை உணர்ந்தே. ஒரு பிள்ளையின் தேர்வுக் கட்டணத்தை ஊரே சேர்ந்து கட்டும்போது, திறமை தனியே கிடந்து வாடுவதில்லை.

இரண்டாவது கேள்வி நம்மை நோக்கியது. நமக்குப் பிறர் வாயிலைத் திறக்க வேண்டும் என்று போராடுகிறோம்; அது நம் உரிமை. நாம் திறக்க வேண்டிய வாயில்கள் உள்ளனவா? நம்முள்ளேயே உட்பிரிவு பார்த்துப் பெண் கொடுக்க மறுப்பதும், நமக்குக் கீழே ஒரு படி உண்டு என்று எண்ணி மகிழ்வதும் முற்றும் ஒழிந்தனவா? துணி வெளுப்பவர், முடி திருத்துபவர், துப்புரவு செய்பவர் ஆகியோர் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்ந்து படிக்கட்டும். சங்கரதாஸ் சுவாமிகள் மாணவனின் குரலைக் கேட்டார், குலத்தைக் கேட்கவில்லை. ஜானகி அம்மாள் நடிகரின் தகுதியை நோக்கினார், பிறப்பை நோக்கவில்லை. அவ்விருவரும் செய்ததை நாமும் செய்தல் இயலும்.

பாடும் குரல் உடைய பிள்ளை நம் தெருக்களில் இன்றும் உண்டு. படிப்பில் வல்ல பிள்ளை உண்டு. ஓடுவதில் வல்ல பிள்ளை உண்டு. அவர்களைத் தேடிக் கண்டு, ஆசானிடம் சேர்த்து, தளரும் நாளில் தாங்கிப் பிடிப்பது நம் கழகத்தின் கடமை. அக்கடமையை ஆண்டுதோறும் செய்வதே தியாகி விசுவநாததாசுக்கு நாம் செலுத்தும் வணக்கம் ஆகும்.